கழற்றியதை எழுதி வையுங்கள்: விமானப் பாகம் அளக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு

விமானப் பாகங்கள் கடையும் கம்பெனியில் க்யூசி (தரச் சோதனை) வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓசூர், பெங்களூரு பக்கம் அலுமினியம், டைட்டானியம் பிராக்கெட் செய்யும் கம்பெனிகளில் இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. டிராயிங் படிப்பது, பாகத்தைத் துல்லியமாக அளக்கும் சிஎம்எம் மெஷினில் அளப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும்போது எதைக் கவனிப்பது, எந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் நிறுத்துவது, நிறுத்தினால் என்ன எழுதி வைப்பது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

பாடத்துக்கு போயிங்கை எடுத்துக்கொள்கிறேன். விபத்து விசாரணை, நாடாளுமன்ற விசாரணை, ஊழியர்களின் சாட்சியம் என்று அந்தக் கம்பெனியின் தளத்தில் நடந்தது நாள், ஷிஃப்ட் வாரியாக வெளியே வந்திருக்கிறது. நம் மேசையில் நடப்பதை அதோடு வைத்துப் பார்க்கலாம்.

ரென்டனில் திறந்து மூடிய பலகம்

2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282 விமானத்தில், மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் ஒரு கதவளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளே 171 பயணிகள், 6 ஊழியர்கள். ஓட்டையை ஒட்டியிருந்த 26ஏ, 26பி இருக்கைகளில் அன்றைக்கு யாரும் இல்லை. எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

பிய்த்துக்கொண்டு போனது கதவு இல்லை, 'டோர் பிளக்'. இந்த விமானம் போயிங் 737-9 மேக்ஸ் ரகம். அந்த ரகத்தில் இருக்கைகளை நெருக்கிப் போடும் ஏர்லைன்களுக்கு அந்த இடத்தில் கூடுதல் அவசர வழி வேண்டும். மற்றவர்களுக்கு அதை ஒரு பலகத்தால் அடைத்துக் கொடுப்பார்கள். பலகத்தின் ஓரங்களில் 12 நிறுத்திகள், அவை போய் உட்கார உடற்கூட்டின் பக்கம் 12. உள்ளே காற்றழுத்தம் ஏற ஏற, பலகம் அவற்றின் மேல் இறுகி உட்காரும். மேல்நோக்கி நகர்ந்தால் மட்டும்தான் விலகும். அப்படி நகராமல் பிடித்து வைப்பவை நான்கு போல்ட்டுகள். அந்த நான்குமே மாட்டப்படவில்லை. அந்த நிலையில் அது 150 தடவைக்கு மேல் பறந்திருக்கிறது, பலகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

போல்ட்டுகள் எங்கே போயின என்பதுதான் நமக்கான பாடம். இந்த விமானத்தின் உடற்கூடு விச்சிட்டா நகரில் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி செய்தது. 2023 ஆகஸ்ட் 31 அன்று ரென்டனில் இருக்கும் போயிங் ஆலைக்கு வந்து சேர்ந்தது. மறுநாளே, பிளக்கை ஒட்டிய சட்டத்தில் ஐந்து ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்கும் ஆணிகள்) பழுது என்று என்சிஆர், அதாவது குறை அறிக்கை, எழுதியாகிவிட்டது. ரிவெட்டை மாற்ற பிளக்கைத் திறக்க வேண்டும், திறக்க நான்கு போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். செப்டம்பர் 19 அன்று ரிவெட் வேலை முடிந்தது. அந்த வேலைக்கு என்சிஆர் இருக்கிறது, முடித்த கையெழுத்து இருக்கிறது. பிளக்கைத் திறந்ததற்கு ஒரு வரி கூட இல்லை.

அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட்டில், உட்புறப் பலகைகளைத் திரும்ப மாட்டுவது பற்றி ஊழியர்கள் பேசிக்கொண்ட குறுஞ்செய்தியில் ஒரு போட்டோ இருந்தது. விசாரணைக் குழு அதை வெளியிட்டது. பிளக் மூடியிருக்கிறது. போல்ட் இருக்க வேண்டிய மூன்று இடங்கள் வெறுமையாகத் தெரிகின்றன. நான்காவதை இன்சுலேஷன் மறைத்திருக்கிறது. என்னை உலுக்கியது அந்தப் படம்தான். எடுத்தவர் எதையும் மறைக்க எடுக்கவில்லை. அவருக்கு அது முடிந்த வேலையின் படம். கழற்றியதற்குப் பதிவு இல்லாததால், மாட்டியதைச் சரிபார்க்கும்படி எந்த ஆய்வாளருக்கும் அழைப்பு போகவில்லை. அதன் மேல் சுவர்ப்பலகையும் இருக்கையும் வந்து உட்கார்ந்தன.

2025 ஜூனில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி தன் முடிவைச் சொன்னது. பாகம் கழற்றும் நடைமுறையை ஊழியர்கள் தவறாமல் கடைப்பிடிக்கும்படி போயிங் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் தராததுதான் காரணம் என்றது. ஒரு மெக்கானிக்கின் தலையில் பழியைப் போடவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கழற்றினால் என்ன எழுத வேண்டும்

உங்கள் மேசையில் டோர் பிளக் வராது. ஆனால் புஷ் (துளைக்குள் இறுக்கும் உலோகக் குழல்) அடித்த பிராக்கெட்டில் புஷ்ஷை உருவி மறுபடி அடிப்பார்கள். பிரைமர் பூசிய பாகத்தைச் சுரண்டி ஒரு ஓட்டையைச் சரிசெய்வார்கள். நட்பிளேட்டை (நட் பொருத்திய சிறு தகடு) கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். இதெல்லாம் 'சின்ன வேலை' என்ற பெயரில் நடக்கும். ஒருமுறை பாஸ் ஆன பாகத்தைத் தொட்டால் மறுபடி ஆய்வு செய்யும் வரை அது பாஸ் ஆகாத பாகம்தான். இதை மனதில் ஆணியடித்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியவை இவ்வளவுதான்: பாகத்தின் சீரியல் எண், என்ன கழற்றப்பட்டது, எத்தனை, யார் சொல்லி, யார் கழற்றினார், எந்த நேரம், திரும்ப மாட்டியதை யார் பார்க்க வேண்டும். கழற்றிய ஃபாஸ்டனரை (போல்ட், நட் போன்ற இணைப்பான்) ஒரு பையில் போட்டு, அதே பாகத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மேசை மேல் கிண்ணத்தில் போட்டு வைக்காதீர்கள். கிண்ணத்தில் கிடக்கும் போல்ட் எந்தப் பாகத்தினுடையது என்று அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் பையில் இருந்த எண்ணிக்கையையும் மாட்டிய எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, மூடும் கையெழுத்தை வேறொருவர் போட வேண்டும்.

இன்னொன்று. கம்பெனியின் பதிவு முறை ஒன்று இருக்கும், அதற்கு வெளியே வாட்ஸ்ஆப் குழு ஒன்று இருக்கும். "அந்த ஆறு பீஸை எடுத்து ரீவொர்க் பண்ணிடுங்க" என்ற செய்தி குழுவில்தான் வரும். ரென்டனிலும் அதிகாரப்பூர்வப் பதிவு ஒரு பக்கம், வேலையை ஒருங்கிணைக்கும் பேச்சு இன்னொரு பக்கம் என்றுதான் ஓடியது. குழுவில் வந்த ஒவ்வொரு ரீவொர்க் செய்திக்கும் அதே ஷிஃப்ட்டில் என்சிஆர் எண் வாங்குங்கள். எண் வராத வேலையைத் தொடாதீர்கள்.

பாக்கி வேலையை எண்ணுங்கள்

விச்சிட்டாவிலேயே முடிந்திருக்க வேண்டிய ரிவெட் வேலை ஏன் ரென்டனுக்கு வந்தது? லைன் நிற்கக் கூடாது என்பதற்காக, குறையோடு இருக்கும் உடற்கூட்டை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, அங்கேயே ஆள் வைத்துச் சரிசெய்வது வழக்கமாகியிருந்தது. ஒரு ஸ்டேஷனில் முடியாத வேலை அடுத்த ஸ்டேஷனுக்குப் பயணம் போகும். சாந்து பூசிய பிறகு சுவரை உடைத்துத் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை அது. இடம் இருக்காது, வெளிச்சம் இருக்காது, முன்பே முடிந்து பாஸ் ஆன நாலு வேலையைக் கலைத்தால்தான் உள்ளே கை போகும்.

விபத்துக்குப் பிறகு போயிங் செய்த திருத்தங்களில் முக்கியமானது இதுதான். 2024 மார்ச்சிலிருந்து குறையுள்ள உடற்கூடுகளை ரென்டனுக்கு ஏற்றாமல், விச்சிட்டாவிலேயே ஆய்வு செய்து எடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ மாதத்துக்கு 38 மேக்ஸ் விமானங்களுக்கு மேல் செய்யக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருந்ததால்தான் அதற்கு மூச்சுவிட நேரமும் கிடைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அந்தந்த ஸ்டேஷனில் முடியாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன வேலைகளை எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். டீபர்ரிங் (விளிம்புப் பிசிறு நீக்குவது) முடியாமல் ஆய்வுக்கு வந்தவை, ஆய்வு முடியாமல் அனோடைசிங்குக்கு (அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் ஏற்றுவது) போனவை, சான்றிதழ் வராமல் பேக்கிங்குக்குப் போனவை. இந்த எண் வாரா வாரம் ஏறினால் உங்கள் கம்பெனியில் எங்கோ ஆள் குறைந்திருக்கிறது, அல்லது தேதி நெருக்கியிருக்கிறது. ரிஜெக்ஷன் சதவீதத்தை விட இந்த எண்ணை நான் அதிகம் நம்புவேன். ரிஜெக்ஷனைப் பேசிச் சரிக்கட்டிவிடலாம், தரையில் கிடக்கும் பாகத்தை முடியாது.

ஆள் குறைப்பு வரும் விதம்

2019-இல் போயிங் சியாட்டல் பகுதியில் சுமார் 900 தர ஆய்வாளர் இடங்களைக் குறைக்கும் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. லயன் ஏர், எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் ஓட்டிய இரண்டு மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்த பிறகு, அந்த ரக விமானங்கள் உலகமெங்கும் தரையில் நின்ற அதே வருஷம். கருவிகள் நவீனமாகிவிட்டன, மெக்கானிக்கே தன் வேலையைச் சரிபார்த்துக்கொள்ளலாம், இரண்டாவது பார்வை பல இடங்களில் தேவையில்லை என்பது வாதம். தொழிற்சங்கம் எதிர்த்தது. 2024 விபத்துக்குப் பிறகு கூடுதல் ஆய்வுகளைச் சேர்ப்பதாக அந்தக் கம்பெனியே அறிவித்தது.

அந்த வாதம் முழுப்பொய் இல்லை. சில அளவுகளை மெஷினே நம்மை விட நன்றாகப் பார்க்கும். ஆகவே ஆய்வைக் குறைக்கும் சுற்றறிக்கை வந்தால் உடனே சண்டைக்குப் போகாமல் மூன்று கேள்வி கேளுங்கள். நீக்கும் ஆய்வு இதுவரை என்ன பிடித்திருக்கிறது, அந்தப் பதிவைப் பார்த்தீர்களா? அதற்குப் பதிலாக வரும் முறை அதே குறையைப் பிடிக்கும் என்று சோதித்தீர்களா? கஸ்டமருக்கு இந்த மாற்றம் தெரியுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் ஒத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் மூன்றாவது கேள்வியில்தான் அறை அமைதியாகும்.

அனுபவசாலி விலகுவது இன்னும் கண்ணுக்குத் தெரியாத குறைப்பு. ரென்டன் கதவுக் குழுவில் பிளக்கை முன்பு திறந்த பழக்கமுள்ளவர் அந்த நாட்களில் விடுப்பில் இருந்தார். விடுப்பு எடுத்தது அவர் குற்றம் இல்லை. அந்த ஒருவரை மட்டும் நம்பி ஓடிய குழுவை அமைத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பிரிவில் யாருக்கு எந்த வேலை தெரியும் என்ற திறன் அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். ஆடிட்டுக்காக ஒட்டியது என்று கடந்து போகாமல் நிதானமாகப் படியுங்கள். எந்த வேலைக்கு நேரே ஒரே ஒரு பெயர் இருக்கிறதோ, அவர் லீவில் போகும் நாளில் அந்த வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

கேஜ் தேய்வது

செலவுக் குறைப்பு என் கைக்கே வந்து சேர்ந்தது ஒரு பிளக் கேஜில்தான். வேலை பார்த்த ஒரு கம்பெனியில், கேஜ்களை (அளவுக் கருவிகள்) ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரியா என்று லேபில் சோதிக்க, அனுப்புவதை ஒரு வருஷமாக நீட்டினார்கள். லேப் பில் பாதியாகும் என்று கணக்கு.

பிளக் கேஜ் தெரியாதவர்களுக்கு: இரண்டு முனை உள்ள ஒரு எஃகு உருளை. 'கோ' முனை, துளையின் மிகச் சிறிய அனுமதி அளவில் இருக்கும். பாகத்தைத் துடைத்து, முனையைத் துளைக்கு நேராகப் பிடித்தால், தள்ளாமல் கிட்டத்தட்டத் தன் எடையிலேயே இறங்க வேண்டும். 'நோ-கோ' முனை துளையின் வாயிலேயே நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான துளைக்குள் போய் வருவது கோ முனைதான், அதனால் அதுதான் முதலில் தேயும். 6.350 மில்லிமீட்டரில் பிறந்த முனை 6.345 ஆகிவிட்டால், 6.347 துளைக்குள்ளும் அழகாக இறங்கும். சிறிய துளை பாஸ் ஆகிவிடும். அதில் ஃபாஸ்டனரை அடிக்கும்போது டிசைனர் நினைக்காத இறுக்கம் அந்த உலோகத்தில் ஏறும். எங்கோ ஒரு பிரஷர் சைக்கிளில் விரிசல் தொடங்க அது போதும்.

கை அதைச் சொல்லும். புது கேஜ் இறங்கும்போது காற்று மெல்லத் தடுப்பது விரலில் தெரியும். தேய்ந்தது 'தொப்'பென்று விழும். அப்படி விழ ஆரம்பித்ததும் ஐந்து துளைகளை சிஎம்எம்மில் அளந்தேன். அவற்றில் இரண்டு, அனுமதித்த குறைந்த அளவுக்கும் கீழே வந்தன. லாட்டை (ஒரே தொகுதியாகச் செய்த பாகங்கள்) ஹோல்டில் போட்டு, அதாவது நிறுத்தி வைத்து, கேஜை லேபுக்கு அனுப்பி, முந்தைய கேலிபரேஷன் வரைக்கும் பின்னால் போய் எந்தெந்த லாட் இந்தக் கேஜில் பாஸ் ஆனது என்று பட்டியல் எடுத்தோம். பட்டியல் எடுப்பதுதான் வேலையில் பாதி. கேஜ் தப்பு என்றால் அது பாஸ் செய்தவை அத்தனையும் சந்தேகத்துக்கு உரியவை. கேஜை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ள விடாதீர்கள்.

எந்தக் கேஜ் எத்தனை துளை அளந்தது என்று ஒரு எண்ணிக்கை வையுங்கள். மாதக் கணக்கை விட அதுதான் தேய்மானத்தைச் சொல்லும்.

சரியான கருவி வாங்கித் தராத இடத்தில் மனிதர்கள் கைக்குக் கிடைத்ததை எடுப்பார்கள். 1282-க்குப் பிறகு எஃப்ஏஏ ஆறு வாரம் நடத்திய தணிக்கையில், போயிங்கில் பார்த்த 89 தயாரிப்பு ஆய்வுகளில் 33 தேறவில்லை. ஸ்பிரிட்டில் 13-இல் 7 தேறவில்லை. அங்கே கதவின் சீலைச் சரிபார்க்க ஒரு ஹோட்டல் அறையின் சாவி அட்டையைப் பயன்படுத்தியதும், சீல் வழுக்கிச் செல்லப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பைத் தடவியதும் செய்தியாக வந்தன. சிரிக்க வேண்டாம். வேலைக் குறிப்பில் எந்தக் கருவி என்று தெளிவாக எழுதாத எல்லா இடத்திலும் அப்படி ஒரு அட்டை இருக்கும். உங்கள் தளத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் கேலிபரேஷன் எண் உள்ள கேஜுக்கு அன்றைக்கே இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போடுங்கள்.

துணுக்கும் தொலைந்த பாகமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. 2019-இல் அமெரிக்க விமானப்படை, போயிங் கொடுத்த கேசி-46 எரிபொருள் விமானங்களுக்குள் கருவிகளும் குப்பையும் கிடந்ததால், அவற்றை வாங்குவதை இரண்டு முறை நிறுத்தியது. ஷிஃப்ட் முடிவில் கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் வரைந்த நிழல் இடங்களை எண்ணாமல் வீட்டுக்குப் போவது செலவு மிச்சம் இல்லை.

ரிஜெக்ட் ஆன பாகம் இன்னும் ஆபத்து. தெற்கு கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டன் ஆலையில் தர மேலாளராக இருந்த ஜான் பார்னெட், குறையுள்ள பாகங்கள் கணக்கிலிருந்து மறைந்து லைனுக்குப் போகின்றன என்று புகார் சொன்னார். 2017-இல் எஃப்ஏஏ பார்த்தபோது 53 பாகங்களாவது எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. ரிஜெக்ட் ஆன பாகங்களைப் பூட்டி வைக்கும் உங்கள் சிவப்புக் கூண்டின் சாவி உற்பத்திப் பிரிவிடம் இருக்கக் கூடாது. ஸ்கிராப் ஆன பாகத்தை, திரும்பப் பயன்படுத்தவே முடியாதபடி, உங்கள் கண் முன்னால் அறுக்கச் சொல்லுங்கள். சிவப்புப் பெயின்ட் போதாது. பெயின்ட் அழியும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது

மேசையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். எந்தக் குறைப்பு தற்காலிகம், எது கொள்கை என்று பிரித்தறிய இது வேண்டும்.

1997-இல் போயிங் மெக்டோனல் டக்ளஸை வாங்கியது. அங்கிருந்து வந்த ஹாரி ஸ்டோன்சைஃபர் பிற்பாடு தலைமைப் பொறுப்புக்கு வந்தார். போயிங்கின் பண்பாட்டை மாற்றியது தெரிந்தே செய்தது, பொறியியல் கம்பெனி போல இல்லாமல் வியாபாரம் போல நடத்தவே அப்படிச் செய்தேன் என்று 2004-இல் வெளிப்படையாகவே சொன்னார். 2001-இல் தலைமையகம் ஆலைகள் இருக்கும் சியாட்டலை விட்டு சிகாகோ போனது. அதே வருஷம் போயிங்கின் பொறியாளர் ஹார்ட்-ஸ்மித் ஒரு கட்டுரையில், வேலையை வெளியே கொடுக்கக் கொடுக்க லாபமும் அறிவும் கூடவே வெளியே போகும், செலவும் பொறுப்பும் மட்டும் இங்கே தங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கேட்கவில்லை. 2005-இல் விச்சிட்டா ஆலையை விற்றார்கள், அதுதான் ஸ்பிரிட் ஆனது. 787 என்ற புது விமானத்தின் பெரும்பகுதியை உலகெங்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 2007 ஜூலை 8 அன்று காட்சிக்கு உருட்டி வந்த விமானம் தற்காலிக ஃபாஸ்டனர்களில் நின்றது, 2009 டிசம்பரில்தான் பறந்தது. 2024-இல் ஸ்பிரிட்டைத் திரும்ப வாங்கப் போயிங் ஒப்பந்தம் போட்டது.

நம் போன்ற சப்ளையர்களைத் தொடும் பகுதி 2012-இல் தொடங்கியது. சப்ளையர்களிடம் 15 சதவீத அளவுக்கு விலைக் குறைப்புக் கேட்டார்கள். பெரிய சப்ளையர் தனக்குக் கீழே இருப்பவரிடம் கேட்பார், அவர் அடுத்தவரிடம். அடிமட்டத்தில் இருக்கும் மெஷின் ஷாப்பில் பொருள் விலையைக் குறைக்க முடியாது, மின்சாரத்தைக் குறைக்க முடியாது. மிஞ்சுவது ஆய்வு நேரம். இதே ஆண்டுகளில், 2013-க்கும் 2019-க்கும் நடுவே, போயிங் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 4,300 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது.

மேக்ஸ் விபத்துகள் இரண்டுக்கும் முதன்மைக் காரணம் பட்டறைக் குறை அல்ல, அதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். விமானத்தின் மூக்கைத் தானே கீழே தள்ளும் எம்கேஸ் மென்பொருளை ஒரே ஒரு சென்சாரை நம்ப வைத்தது டிசைன் முடிவு. விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருகிறோம் என்று சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸுடன் போட்ட ஒப்பந்தம் வியாபார முடிவு. எந்த ஆய்வாளரும் கேஜ் வைத்து அதைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் பட்டறையிலும் அதே காற்றுதான். 2018 ஜூனில், முதல் விபத்துக்கு முன்பே, ரென்டனின் மூத்த மேலாளர் எட் பியர்சன் ஆலைத் தலைவருக்கு எழுதி, லைனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தவில்லை.

கையெழுத்தை நிறுத்துவது எப்படி

மாசக் கடைசி, ராத்திரி எட்டு மணி. டிஸ்பேட்ச் அண்ணன் வந்து நிற்பார்.

"மேடம், வண்டி கேட்ல நிக்குது. ஃபிளைட் புக் ஆயிடுச்சு. சைன் மட்டும் போட்டுடுங்க, பேப்பர் காலையில வந்துடும்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் போனில் கத்திக்கொண்டிருப்பார். கோபப்படாமல் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, சான்றிதழ் இல்லாத லாட்டை ஹோல்டுல போட்டிருக்கேன். நம்பர் இது. சார் ரிலீஸ் பண்ணச் சொன்னா அந்த நம்பர்ல எழுதி சைன் பண்ணட்டும்." வாயால் 'முடியாது' என்று சொல்வதோடு நிற்காமல், ஹோல்டு எண்ணைக் கையில் கொடுங்கள். நான் பார்த்தவரை, கத்துகிற பலர் அந்த எண்ணின் கீழே தன் பெயரை எழுத மாட்டார்கள். லாட் காலை வரை நிற்கும்.

விதி உங்கள் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். விமானத் துறையின் ஏஎஸ்9100 தரமுறையில் 7.3-ஆம் பிரிவு, ஒவ்வொரு ஊழியரும் தன் வேலை பாதுகாப்புக்கு எப்படி உதவுகிறது என்பதையும் நேர்மையான நடத்தையின் முக்கியத்துவத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. 8.7, குறையுள்ள பாகத்தை 'அப்படியே பயன்படுத்தலாம்' என்று முடிவெடுக்க டிசைன் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. உங்கள் மேனேஜருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. செலவு மிச்சத்துக்காக மெஷினை, செய்முறையை, இடத்தை மாற்றினால், அல்லது இரண்டு வருஷம் உற்பத்தி நின்று மறுபடி தொடங்கினால், ஏஎஸ்9102 படி பாதிக்கப்பட்ட அளவுகளுக்கு ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் ஆய்வு (முதலில் செய்த பாகத்தை டிராயிங்கோடு முழுதாக ஒப்பிடுவது) மறுபடி செய்ய வேண்டும். இந்த மூன்று எண்களும் நாக்கில் நிற்கட்டும். 'எனக்கு மனசு ஒப்பல' என்பதை விட '8.7 படி முடியாது சார்' என்பது வேலை செய்யும்.

எழுதும்போது உணர்ச்சியை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். 'தரம் மோசம்' என்று எழுதினால் அது உங்கள் கருத்து. 'டிராயிங் 6.350 குறைந்தபட்சம், சீரியல் 14-இல் 6.346' என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

இதற்கு விலை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பார்னெட் 32 வருஷம் போயிங்கில் இருந்தவர். புகாருக்காகத் தன்னைப் பழிவாங்கினார்கள் என்று வழக்குப் போட்டு, 2024 மார்ச்சில் அதற்கு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இறந்துபோனார். தனி ஆளாய் நிற்கும் நிலைக்கு உங்களைத் தள்ளவிடாதீர்கள். ஹோல்டு போட்டால் சக ஆய்வாளர் ஒருவரையும் அளக்கச் சொல்லி அவர் அளவையும் அருகில் எழுதுங்கள். க்வாலிட்டி ஹெட் கேட்காவிட்டால் கஸ்டமரின் தரப் பிரதிநிதிக்குப் போகும் வழி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்த வழியைக் கண்டுபிடித்து வையுங்கள், பிரச்சினை வந்த பிறகு தேட நேரம் இருக்காது.

சொந்த நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேதி, என்சிஆர் எண், ஹோல்டு எண், யாரிடம் சொன்னீர்கள், அவர் சொன்ன பதில், இவ்வளவு மட்டும். டிராயிங்கைப் போனில் படம் எடுக்காதீர்கள், பாகத்தின் போட்டோவை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அது ரகசிய ஒப்பந்தத்தை மீறுவது, சில பாகங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் குறுக்கே வரும். குறையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் உங்கள் போனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எண்கள் கையில் இருந்தால் போதும், ஆடிட்டர் வந்து கேட்கும் நாளில் அந்த எண்ணை வைத்துக் கம்பெனியின் பதிவிலிருந்தே மொத்தத்தையும் எடுத்துவிடலாம். வேலையை விட்டுப் போகும் நாளில், இன்னும் மூடாத என்சிஆர்களின் பட்டியலை அடுத்து அந்த மேசைக்கு வருபவர் கையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிவிட்டுப் போங்கள்.